மூடிய கதவும் திறந்த வழியும்



சென்ற தவணையில், எம் பாடசாலை மாணவர் மன்றத்திற் பேசுமாறு பழைய மாணவர் ஒருவரை அழைத்தேன். தமையனாரோடும் தங்கையோடும் கூடி, வீட்டு முன்னறையிலே கணினி மென்பொருள் செய்யும் தாபனம் ஒன்றைத் தொடங்கி, நான்கு ஆண்டு நடத்தி, அண்மையிலே மூடியவர் அவர். "மூடினவனுக்கு மேடை எதற்கு, சேர்?" என்று தலை குனிந்தார். அன்று அவருக்குச் சொன்ன வரலாற்றையே இன்று தங்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

வேலூரிற் பிறந்த ஆர். நடராஜ முதலியார், தம் ஒன்றுவிட்ட சகோதரர் தருமலிங்கத்தோடு சென்னையிலே முதலில் துவிச்சக்கர வண்டி வணிகமும், பின்னர் மோட்டார் வண்டி வணிகமும் நடத்தியவர். 1913 இல் பால்கே வெளியிட்ட 'ராஜா ஹரிச்சந்திரா' என்னும் மௌனப் படம் அவர் உள்ளத்தில் ஆசையை மூட்டிற்று. ஆசை மட்டும் போதுமா? பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரை அணுகி, கையாற் சுழற்றும் கமராவை இயக்கக் கற்றார். பின்னரே புரசைவாக்கம் மில்லர்ஸ் வீதியில் அவருடைய 'இந்தியா பிலிம் கம்பனி' எழுந்தது.

முதற் படம் 'கீசக வதம்'. படச்சுருளைக் கழுவச் சென்னையில் ஆய்வுகூடம் இல்லை. வெப்பமோ சுருளுக்குப் பகை. ஆதலால் குளிர்ந்த பெங்களூரிலே கூடம் அமைத்து, வாரந்தோறும் அங்கு சென்று கழுவினார். ஏறத்தாழ 35,000 ரூபா செலவிட்ட அப்படம் இந்தியாவிலும், பர்மாவிலும், நம் இலங்கையிலும், மலாயாவிலும் ஓடி 50,000 ரூபா ஈட்டியது என்பர். தென்னிந்தியாவின் முதற் கதைப்படம் அதுவே.

மேலும் சில புராணப் படங்கள் வந்தன. ஆயின் தொழில் முழுவதும் ஒரு வீட்டின் தோளிலேயே நின்றது. படக்கூடத்தை நெருப்பு அழித்தது. மகனையும் மரணம் கவர்ந்தது. வீடு தளர்ந்தது, தொழிலும் தளர்ந்தது. 1923 இல் அவர் அத்துறையை விட்டு விலகினார்.

அவர் தோற்றாரா? இல்லை. அவர் திறந்த வழியிலே பிறர் வந்தனர். 1921 இலேயே ரகுபதி வெங்கையாவும் மகன் பிரகாசும் சென்னையிற் படம் எடுத்தனர். 1931 இல் 'காளிதாஸ்' தமிழிலே பேசியது. உண்மையான இழப்பு வேறு. 'கீசக வதம்' இன்று ஓர் அடிச் சுருள்கூட எஞ்சவில்லை. அது வெளிவந்த ஆண்டையே 1916 என்றும், 1917 என்றும், 1918 என்றும் வெவ்வேறாகக் கூறுவர். கடை மூடுவது இயல்பு. கற்றது அழிவதே கேடு.

"தம்பி, உமது கணக்கேடுகளையும் குறிப்புகளையும் எறிந்து விடாதீர். எங்கே பிழைத்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மன்றத்திற்கு வந்தார். கையில் அந்தக் கணக்கேடு இருந்தது.