ஆரவாரமும் ஆற்றலும்



செயற்கை நுண்ணறிவு என்னும் சொல் இன்று இல்லந்தோறும் ஒலிக்கிறது. பிள்ளை எந்தப் படிப்பில் சேர்வது என்று பேச்செடுத்தாலே, "அந்த வேலையை இனி இயந்திரம் பார்த்துக்கொள்ளும்" என்னும் அச்சம் குறுக்கிடுகிறது. அவ்வச்சத்துக்கு எவ்வளவு இடங்கொடுக்கலாம் என்பதை இத்துறையின் வரலாறே எடுத்துரைக்கும்.

1958ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ஃபிராங்க் ரோசன்பிளாட் 'பெர்செப்ட்ரான்' என்னும் அமைப்பை அறிமுகப்படுத்தினார். மூளையின் நரம்பணுக்களை ஓரளவு ஒத்து, எடுத்துக்காட்டுகளைக் கண்டு தானே கற்பது அதன் சிறப்பு. அது வருங்காலத்தில் நடக்கும், பேசும், தன் இருப்பையே உணரும் என்று நாளிதழ் எழுதியது. 1969இல் மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் ஒரு நூல் வெளியிட்டு, ஓரடுக்குப் பெர்செப்ட்ரானால் மிக எளிய சில கணக்குகளைக்கூடத் தீர்க்க இயலாது என்று நிறுவினர். ஆர்வம் தணிந்தது; பொருளுதவியும் சுருங்கியது.

ஆயினும் சிலர் அக்கருத்தைக் கைவிடவில்லை. பல அடுக்குகளைப் பயிற்றுவிக்கும் முறையை 1986இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோர் பரவச்செய்தனர். அதற்கு வேண்டிய தரவும் கணினி வேகமும் கிடைக்க மேலும் கால்நூற்றாண்டு ஆயிற்று. 2012இல் படங்களை இனங்காணும் போட்டியொன்றில் ஹின்டன் குழுவினரின் நரம்பு வலைப்பின்னல் ஏனையவற்றை வெகுவாகப் பின்தள்ளியது. 2024இல் ஜான் ஹாப்ஃபீல்டுடன் ஹின்டனுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1958இன் ஆரவாரம் பொய்த்தது. அதனுள் இருந்த கருத்தோ அரை நூற்றாண்டுக்குப்பின் கனிந்தது.

துறையை வளர்த்தவரின் கணிப்பும் தவறக்கூடும். ஊடுகதிர்ப் படங்களைப் படித்தறியும் மருத்துவர்களை இனிப் பயிற்றுவிக்க வேண்டா, ஐந்தாண்டுகளில் இயந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்று 2016இல் ஹின்டனே கூறினார். பத்தாண்டுகளும் ஆகலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். ஆனால் மருத்துவமனைகள் இன்றும் அம்மருத்துவர்களைத் தேடுகின்றன. படத்தைப் படிப்பது அவர்தம் பணியில் ஒரு பகுதியே. நோயாளியின் முன்வரலாற்றோடு அதனைப் பொருத்திப் பார்ப்பதும், பிற மருத்துவர்க்கு ஆலோசனை கூறுவதும், முடிவுக்குப் பொறுப்பேற்பதும் எஞ்சி நிற்கின்றன. அக்கூற்றை நம்பி அப்படிப்பைத் துறந்த மாணவர் எவரேனும் இருப்பின், நல்லதொரு வாழ்வை இழந்தவராவார். படம் பார்க்கத் துணைபுரியும் கருவிகளும் இதற்குள் மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டன. அவற்றைக் கற்க மறுக்கும் மருத்துவரும் பின்தங்குவார்.

ஆகவே, புதிய அறிவிப்பு வரும்போது, இயந்திரம் ஒரு பணியின் எந்தப் பகுதியைச் செய்கிறது, பிழை நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்று கேட்டறிதல் பெற்றோர் கடமை. ஓராண்டின் செய்தியைக் கொண்டு நாற்பதாண்டுப் பணிவாழ்வைத் தீர்மானிக்க வேண்டா. பிள்ளை விரும்பும் துறையை ஆழ்ந்து கற்கட்டும். அத்துறைக்கு வந்துசேரும் கருவிகளையும் உடன் பழகட்டும்.