சுற்றம் காக்கும் சிறுசெய்தி

(திண்டுக்கல்லில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



மொழிகாப்பு என்றவுடன் நம்மவர் நினைவு ஆட்சிமொழி, பயிற்றுமொழி, வழிபாட்டுமொழி என்று பெரிய களங்களுக்கே ஓடுகிறது. அவை வேண்டுவனவே. ஆயினும் ஒரு மொழி நாள்தோறும் பழகப்படுவது அரசாணைகளில் அன்று. 'வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, அப்பத்தாவுக்குக் கால்வலி தேவலை, கிணற்றில் நான்கு முழம் நீர் ஏறியிருக்கிறது' என்னும் சிறுசெய்திகளில்தான். அச் செய்திப் போக்குவரவு நின்றால் சுற்றம் அறும். சுற்றம் அற்றால், சுற்றத்தாரைக் குறிக்கும் சொற்களும் உடன் சாகும்.

திண்டுக்கல் வட்டாரத்தார்க்குப் பிரிவு புதிதன்று. கொடைமலை ஒருபுறமும் சிறுமலை ஒருபுறமும் நிற்க, இடையே கிடக்கும் இவ் வறள்நிலத்தில் குடகனாற்றில் நீர் ஓடும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1985-இல் தனி மாவட்டம் ஆகும்வரை இப் பகுதி மதுரை மாவட்டத்தோடு இருந்தது. அம் மாவட்டத்திலிருந்தும் திருச்சி, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்தும் 19-ஆம் நூற்றாண்டிலேயே கங்காணிகள் ஆள் சேர்த்து இலங்கை மலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோயினர். முதலிற் காப்பி, 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியைத் தின்றபின் தேயிலை. போனவருள் மிகப் பலர் எழுத்தறியாதவர். எனினும் செய்தி அறவில்லை. ஊர் வந்து திரும்புவோர் வாயில் அது கடல் கடந்தது. பின்னாளில், எழுதத் தெரிந்த ஒருவர் முன் அமர்ந்து சொல்லச் சொல்ல, மடலாகக் கடந்தது.

அம் மடல்களில் அரசியல் இல்லை. மலையிலிருந்து கொழுந்து நிறுத்த எடையும், மழையால் வேலை குறைந்து 'அரைப்பேர்' போடப்பட்ட துன்பமும் வரும். அரைப்பேர் என்பது அரைநாட் கூலிக்கு அவர்கள் வைத்த சொல். இங்கிருந்து கமலை பூட்டியதும், புகையிலைக்கு நீர் போதாததும், வாமடை உடைந்ததும் போகும். கமலையைக் காணாத தோட்டத்துப் பிள்ளை அச் சொல்லை அறிந்தது. தேயிலைச் செடியையே காணாத ஊர்க்கிழவி அரைப்பேருக்காகக் கண்ணீர் விட்டாள். எந்த அகரமுதலி இவ் வேலையைச் செய்திருக்கும்?

1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் அம் மக்களை நாடற்றவராக்கியது. 1964 அக்தோபர் 30-இல் சிறிமாவோ – சாத்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என இரண்டு அரசுகளும் பங்கிட்டன. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கதிரறுத்த களத்தில் நெல்லை அளப்பவன்கூட நெல்லுக்கு உடையவனைக் கேட்டுத்தான் அளப்பான்! இங்கே பங்கிடப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன். தாய் அங்கே, மகள் இங்கே. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிவந்த தொடர்வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று மலையகத்தார் பெயர் வைத்தனர். வேறு விளக்கம் வேண்டா.

இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியே வந்தவர்கள் நீலமலையின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் நூற்பாலைகளிலும் அமர்த்தப்பட்டனர். நம் கொடைமலையில் மரம் வெட்டும் வேலையிற் போய் விழுந்தோரும் உண்டு. தலைமுறைகள் கழித்துத் திரும்பிய அவர்களுள், மடல் வழக்கம் அறாத வீட்டார்க்கு ஊரில் ஒரு திண்ணையாவது கிடைத்தது. 'நீ இன்னார் பேரன் அல்லவா?' என்று கேட்க ஒரு வாய் இருந்தது. வழக்கம் அறுந்துபோனவர்க்கு முன்னோர் ஊரின் பெயர் மட்டுமே எஞ்சியது. 1983-இன் கொடுமைக்குப் பின், 1984-இல் கப்பலும் நின்றது. பிறகு அஞ்சலைத் தவிர வேறு பாலமில்லை. அந்த அஞ்சலும் எளிதில் கைசேர்வதன்று. 'லயம்' என்று வழங்கும் அவ் வரிசைக் குடில்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. மடல் தோட்ட அலுவலகத்திற் போய்க் கிடக்கும். அங்கிருந்து எடுத்து வருவார் இருந்தால் உண்டு. ஒரு மனிதனுக்கு முகவரி இல்லாமற் செய்வது அவனுக்குச் சுற்றம் இல்லாமற் செய்வதே.

ஊரில் மடலுக்கு இருந்த மதிப்பை இளையோர் அறியார். காலணா அஞ்சலட்டை 1879-இல் வந்தது. மங்கலச் செய்தியாயின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவர். இழவுச் செய்தியாயின் வாயிலிலேயே படித்துக் கிழித்துவிடுவர், வீட்டினுள் கொண்டுபோகார். மற்றவை இறவாரத்துக் கம்பியிற் குத்தப்பட்டுத் தொங்கும். அஞ்சற்காரரே படித்துக்காட்டிய வீடுகள் எத்தனை! தூய தமிழியக்கம் கைவைத்த முதலிடங்களுள் இம் மடலும் ஒன்று. 'சிரஞ்சீவி' திருவளர்செல்வன் ஆனதும், 'சௌபாக்கியவதி' திருவளர்செல்வி ஆனதும், 'நமஸ்காரம்' வணக்கம் ஆனதும், 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை' திருமண அழைப்பிதழ் ஆனதும் சட்டத்தால் அல்ல, வீட்டு மடல்களால். ஆனால் இதழ்களுக்குத் தனித்தமிழில் எழுதிவிட்டு வெளியூர் மகனுக்கு ஆங்கிலத்தில் எழுதிய அன்பர்களும் நம்மிடையே இருந்தனர் என்பதை மறைத்துப் பயனில்லை.

2013 சூலையில் தந்தியும் நின்றது. கைப்பேசியில் இன்று குடும்பந்தோறும் புலனக்குழு உண்டு. திருப்பூர், பெங்களூர், சிங்கப்பூர், வளைகுடா என்று சிதறிய நாற்பது ஐம்பது பேர் ஒரே திரையில் இருக்கிறார்கள். இருந்து என்ன? விடிந்தால் எவரோ எங்கோ செய்த பூப்படம். அதன்மேல் ஆங்கிலத்தில் ஒரு காலை வாழ்த்து. அதைக் கண்டு பத்துப் பேர் கைகுவித்த படம் இடுகின்றனர். நிலக்கோட்டையில் மல்லிகை என்ன விலை, ஒட்டன்சத்திரம் கமிழில் தக்காளி ஏற்றியவர்க்கு வண்டிக்கூலியாவது தேறியதா, ஆத்தூர் நீர்த்தேக்கத்தில் எவ்வளவு நீர், பெரியம்மாவின் கண் அறுவை எப்படி முடிந்தது என்று எவரும் எழுதுவதில்லை. சொந்தச் செய்தி இல்லாத இடத்தை இரவற் செய்தி நிரப்பிவிடுகிறது.

இதில் மொழியிழப்பு எங்கே என்பீர்கள். 'ஆண்ட்டி விழுந்துவிட்டார்' என்று ஒரு பிள்ளை எழுதினால், அத்தையா, சின்னம்மாவா, பெரியம்மாவா, மாமன் மனைவியா, அண்டை வீட்டாரா? ஐந்து வீடுகள் பதற வேண்டும். செய்தி துல்லியமாக வேண்டுமானால் முறைப்பெயர் வந்தே தீரும். அத்தை மகன் அத்தான். சிற்றப்பன் மகன் அண்ணன். ஒருவன் மணம் பேசத்தக்கவன். மற்றவன் உடன்பிறந்தானுக்கு ஒப்பானவன். ஆங்கிலம் இருவரையும் ஒரே சொல்லால் அழைக்கிறது. அது அவர்கள் வழக்கு, அதிற் குற்றமில்லை. நமக்கு அது பொருந்தாது. கொழுந்தி, மதினி, நாத்தூணார், ஓரகத்தி என்னும் சொற்களை நூலில் அடைத்துக் காக்க முடியாது. ஓரகத்திக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி எழுதும்போதுதான் அச் சொல் மூச்சு விடுகிறது.

செய்யத்தக்கது எளிது. கிழமைக்கு ஒரு வீடு என முறைவைத்து, ஞாயிறு மாலை அவ் வீட்டுச் செய்தியைத் தமிழ் எழுத்தில், பத்து வரியில் எழுதுக. சிறியது என்று எதையும் தள்ள வேண்டா. முதியோர் சொல்லட்டும், பேரப்பிள்ளை எழுதட்டும். அன்று கங்காணித் தோட்டத்தில் ஒருவர் சொல்ல ஒருவர் எழுதினாரே, அதே முறை. தமிழ் எழுத்து வராத பிள்ளைக்கு அதுவே அரிச்சுவடியும் ஆகும். முகவரியற்ற லயத்திலிருந்தே மடல் எழுதினார்கள். கையில் கைப்பேசி வைத்திருப்பவர்க்கு என்ன தடை?

வரும் ஞாயிறு எந்த வீட்டின் முறை என்பதை இன்றிரவே பேசி முடித்துக்கொள்ளலாம். அப்பத்தா உறங்குமுன் கேட்டால், முதற்செய்தி அவரிடமே கிடைக்கும்.