நோயாளியின் அருகில் நடக்கும் தேர்வு
(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவ மாணவர்கள் தேர்வுகளுக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதுபற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்தார்கள். முன்வரிசையில் மாணவர் சிலரும் பயிற்சி மருத்துவர் சிலரும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னே பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் பெருந்திரளாக இருப்பதைக் காண்கிறேன். எனவே மாணவர்களுக்குச் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிட்டு, பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். நான் இங்கு வந்ததே பெரும்பாலும் அந்த இரண்டாவது காரியத்திற்காகத்தான்.

நம் வீடுகளில் மருத்துவப் படிப்பு என்றாலே எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை ஏ, எஸ்.டி.பி.எம். தேர்வில் எத்தனை புள்ளி என்ற கணக்கில்தான் பேச்சுத் தொடங்குகிறது. அந்தக் கணக்கில் வென்று பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளை, அதுவரை எந்தத் தேர்விலும் தோற்றிராத பிள்ளை, இறுதியாண்டிலோ அதற்குப் பின் வரும் சிறப்பு மருத்துவத் தேர்விலோ நோயாளியின் முன் நின்று தோற்றுவிடுகிறது. வீட்டில் இழவு விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. உறவினர் வருகையைத் தாய் தவிர்க்கிறார். தந்தை கோவிலுக்கு வருவதைக்கூடக் குறைத்துக்கொள்கிறார். இத்தகைய குடும்பங்களை நான் அறிவேன். இத்தனை படித்தும் ஏன் தோற்றான் என்று அவர்கள் கேட்கும்போது, படித்த விதத்தில்தான் விடை இருக்கிறது என்பதை மெல்லச் சொல்லவேண்டியிருக்கிறது.

எழுத்துத் தேர்வில் வினா அசையாமல் தாளில் இருக்கும். மூன்று முறை படித்துப் பார்த்து விடையளிக்கலாம். நேர்முக மருத்துவத் தேர்விலோ வினா என்பது ஒரு மனிதர். இரவெல்லாம் இருமியவர், காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாதவர், தமக்கு வந்திருப்பது என்னவென்று அஞ்சுபவர். அவரைக் கேட்டும், பார்த்தும், தொட்டும், தட்டியும், செவிமடுத்தும் விடை காணவேண்டும். அதையும் இரண்டு தேர்வாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கச் செய்யவேண்டும். புத்தக அறிவு இங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாதவன் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஆயினும் அது மட்டும் உடையவனுக்கு எங்கே பார்ப்பது என்பதே தெரியாது.

நமது நிலப்பகுதியில் மேலை மருத்துவக் கல்வி தொடங்கிய கதையைச் சற்றே சொல்லவேண்டும். 1904-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தான் ஜியாக் கிம் என்னும் வணிகப் பெருமகனாரின் தலைமையில் ஊர்ப் பெரியவர்கள் ஒரு மருத்துவப் பள்ளி வேண்டுமென்று ஆளுநரிடம் விண்ணப்பித்தார்கள். பணத்தை நீங்களே திரட்டுங்கள் என்ற நிலை வந்தபோது, 87,000 வெள்ளிக்கும் மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அதில் 12,000 வெள்ளி தான் ஜியாக் கிம் தம் கையிலிருந்து தந்தது. 1905-இல் 23 மாணவர்களோடு அப்பள்ளி திறக்கப்பட்டது. அதுவே பின்னர் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியாயிற்று. 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானபோது அதனுள் இணைந்தது. கோலாலம்பூரில் தனி மருத்துவப் புலம் 1960-களின் தொடக்கத்தில் அமைந்தது. ஊரார் சேர்ந்து கொடுத்த கொடையில்தான் இங்கே மருத்துவர்கள் உருவாகத் தொடங்கினார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

பழைய முறைத் தேர்வில் மாணவன் ஒரு நோயாளியுடன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனித்திருந்து அனைத்தையும் கேட்டறிந்து, பின்னர் தேர்வாளரிடம் எடுத்துரைப்பான். அதனை நீண்ட நேர்வு என்போம். அடுத்து, குறுகிய நேரத்தில் நோயாளிகள் சிலரைப் பார்த்துக் குறிகளை மட்டும் சொல்லும் குறு நேர்வுகள் உண்டு. இதில் அதிர்ஷ்டம் பெரும் பங்கு வகித்தது. ஒருவனுக்கு எளிய நோயாளி, மற்றொருவனுக்கு வாயே திறவாத நோயாளி. ஒருவனுக்குக் கனிவான தேர்வாளர், மற்றவனுக்குக் கடுகடுப்பானவர். இக்குறையைக் களைய ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் என்பாரும் அவருடைய துணைவர்களும் 1975-இல் ஒரு புதுமுறையை வெளியிட்டனர். மாணவர்கள் பல நிலையங்களை வரிசையாகச் சுற்றிவர, ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு திறன் சோதிக்கப்படும். ஓஸ்கி என்று மாணவர்கள் அஞ்சும் தேர்வு அதுவே.

பிரிட்டிஷ் மருத்துவக் கல்லூரிகள் நடத்தும் எம்.ஆர்.சி.பி. தேர்வின் இறுதிப் பகுதியும் 2001 முதல் நிலையங்களாக நடக்கிறது. பேசஸ் என்பது அதன் பெயர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதற்கான மையங்கள் உண்டு. ஐந்து நிலையங்கள், ஒவ்வொன்றும் 20 நிமிடம், இடையிடையே 5 நிமிட ஓய்வு. ஒவ்வொரு சந்திப்பிலும் இரு தேர்வாளர்கள் தனித்தனியே மதிப்பெண் இடுவார்கள். சோதிக்கப்படும் திறன்கள் ஏழு: உடலைச் சோதிக்கும் முறை, நோய்க்குறிகளைக் கண்டறிதல், உரையாடும் திறன், எந்தெந்த நோயாக இருக்கலாம் என்று பகுத்தல், சிகிச்சை முடிவெடுத்தல், நோயாளியின் கவலைகளுக்கு விடையளித்தல், நோயாளியின் நலம் பேணுதல். கடைசி இரண்டையும் கவனியுங்கள். முன்னைய ஐந்திலும் கொடிகட்டிப் பறந்தவராயினும், இவ்விரண்டில் ஒன்றில் உரிய அளவை எட்டவில்லையென்றால் அவர் தேறியவராகார். மொத்த மதிப்பெண் மிகுதியாக இருப்பினும் பயனில்லை. நோயாளிக்கு வலிப்பது தெரிந்தும் மேலும் அழுத்துகிறவர், திறந்த உடலைப் போர்த்தாமல் தேர்வாளர் பக்கம் திரும்பிவிடுகிறவர் ஆகியோர் மதிப்பெண்ணை இழப்பது அங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 'இவரின் வயிற்றைச் சோதியுங்கள்' என்று கட்டளை வருகிறது. படபடத்த மாணவர் நேரே வயிற்றில் கை வைத்து, கல்லீரலையும் மண்ணீரலையும் தேடத் தொடங்குகிறார். ஆறு நிமிடம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. நோயாளியின் இடது முன்கையில் கயிறு முறுக்கினாற்போல் ஒரு நரம்பு புடைத்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஊசி குத்திய தழும்புகள் இருக்கின்றன. விரலை வைத்தால் அது அதிரும். டயாலிசிஸ் செய்வதற்காகத் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடம் அது. சிறுநீரகம் செயலிழந்தவர் என்பதை அந்தக் கை முதல் நொடியிலேயே சொல்லிவிட்டது. அதனாலேயே கட்டிலின் காலடியில் சிறிது நேரம் கைகட்டி நின்று பாருங்கள் என்று மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். முகம் வெளிறியுள்ளதா, மூச்சு வாங்குகிறதா, மேசைமேல் என்ன மருந்து இருக்கிறது, பக்கத்தில் ஊன்றுகோல் உள்ளதா என்பனவெல்லாம் தொடுமுன்பே தெரியவேண்டியவை. நம் சித்த மருத்துவ மரபும் நாடியோடு நின்றுவிடவில்லை. தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், நீர் என்பவற்றையும் சேர்த்து எண்வகைத் தேர்வு என்று வைத்தது.

இனி, ஆயத்தமாகும் முறை. இத்திறன் கைப்பழக்கத்தால் வருவது. வியன்னாவில் பணியாற்றிய ஆவன்புருக்கர் என்னும் மருத்துவர், நெஞ்சைத் தட்டி உள்ளே நீர் கோத்திருப்பதை ஒலியால் அறியும் முறையை 1761-இல் நூலாக வெளியிட்டார். அவர் விடுதி நடத்தியவரின் மகன். மதுப்பீப்பாயைத் தட்டி அளவு பார்ப்பதைக் கண்டே இது தோன்றியது என்பார்கள். அந்தத் தட்டு இன்றும் மணிக்கட்டிலிருந்து வரவேண்டும். முழங்கையிலிருந்து வந்தால் ஒலியும் வராது, நோயாளிக்கும் வலிக்கும். இதனை நூறு முறை படித்தாலும் வராது. வீட்டிலே தந்தையின் முதுகில் தட்டிப் பழகுங்கள். தாயின் மூச்சொலியைக் கேளுங்கள். நலமான நெஞ்சு எப்படி ஒலிக்கும் என்பது பத்துப் பேரிடமாவது கேட்டுப் பதிந்தால்தான், பதினோராவது நெஞ்சில் பிசகு இருந்தால் காது நின்று கேட்கும். தம்பி தங்கையர் ஓடி ஒளிவார்கள்; அவர்களையும் விடாதீர்கள்.

இருவர் மூவராகச் சேர்ந்து வார்டுக்குச் செல்லுங்கள். ஒருவர் சோதிக்க, மற்றவர் கடிகாரத்தோடு தேர்வாளராக நிற்கட்டும். கண்டதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனத்திற்குள் தெளிவாக இருப்பதாகத் தோன்றும் செய்தி, வாயால் சொல்லும்போது மூன்றாம் வாக்கியத்திலேயே முடிச்சிட்டுக்கொள்ளும். குளிரூட்டிய அறையிலிருந்து வந்தவர் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடவேண்டும். வயிற்றை அழுத்துமுன் எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அழுத்தும்போது நோயாளியின் முகத்தையே பார்க்கவேண்டும். இவையெல்லாம் தேர்வு நாளன்று நினைவுபடுத்திக்கொண்டு செய்தால் நாடகமாகத் தெரியும்.

இன்னொன்று. கேளாத ஒலியைக் கேட்டதாகச் சொல்லாதீர்கள். தேர்வு தொடங்குமுன் தேர்வாளர்கள் அந்த நோயாளிகளைத் தாமே சோதித்துப் பார்த்துவிடுகிறார்கள். இதயத்தில் முணுமுணுப்பு இல்லாத இடத்தில் உண்டென்று ஒருவர் சொன்னால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். தேர்வறையில் இல்லாததைச் சொல்பவர், நள்ளிரவு வார்டில் தனியே நிற்கும்போதும் சொல்வார் என்ற அச்சம் எங்களுக்கு உண்டு.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. தேர்வு ஆங்கிலத்தில் நடந்தாலும் நம் வார்டுகள் பல மொழிகளில் பேசுகின்றன. தோட்டப்புறத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி 'மயக்கமாக இருக்கிறது' என்கிறார். தலை சுற்றுகிறதா, கண் இருட்டி வருகிறதா, நினைவு தப்பிக் கீழே விழுந்தாரா, வெறும் சோர்வா? இந்நான்குக்கும் நம்மவர் அதே சொல்லைத்தான் ஆள்கிறோம். நான்கும் நான்கு வேறு நோய்களுக்கு இட்டுச்செல்லும். 'இளைக்கிறது' என்றால் மூச்சிரைப்பு. 'இளைத்துவிட்டேன்' என்றால் உடல் மெலிவு. 'வாய்வு பிடித்துக்கொண்டது' என்று நெஞ்சைத் தடவுகிறவருக்கு வாய்வாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வருவதுண்டு என்பதால் இங்கே இன்னும் எச்சரிக்கை தேவை. தமிழ் தெரிந்த மாணவர்களே, சொல் காதில் விழுந்தவுடன் புரிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். 'மயக்கம் என்றால் எப்படி, பாட்டி?' என்று இன்னுமொரு கேள்வி கேளுங்கள்.

பெரியோர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கும்போது நோயாளியை முதலில் வைத்தார். அதன்பின்னரே மருத்துவரும் மருந்தும் அருகிருந்து பணிசெய்பவரும். அந்த முதலாமவர் இடங்கொடுக்காவிட்டால் மற்றவர் ஒருவரும் ஒன்றும் கற்க இயலாது. நான் சொன்ன தேர்வுகளுக்கு உண்மையான நோயாளிகள் வேண்டும். வாத சுரத்தால் இளம் வயதிலேயே இதய வால்வு சுருங்கிய தாய்மார்கள், மண்ணீரல் வீங்கியவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தவர்கள் ஆகியோர் விரும்பி வந்து படுத்துக்கொள்கிறார்கள். ஒரு சுற்றில் ஐந்து பேர், அடுத்த சுற்றில் மீண்டும் ஐந்து பேர், ஒருவர் பின் ஒருவராக அவர்களைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பொறுமைக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை.

ஆனால் மருத்துவமனைகளில் நான் காண்பது வேறு. பயிற்சி மருத்துவர் அருகே வந்தால், 'பெரிய டாக்டர் வரட்டும்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். தம் பிள்ளையை மருத்துவராக்கத் துடிக்கும் பெற்றோரே, அடுத்தவர் பிள்ளை கற்க வரும்போது திருப்பி அனுப்புகிறார்கள். மறுப்பது உங்கள் உரிமை, அதில் ஐயமில்லை. உடல்நிலை மிக மோசமாக இருக்கும்போதும், மனம் ஒப்பாதபோதும், வேண்டாம் என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. அதனால் உங்கள் சிகிச்சைக்கு எந்தக் குறையும் நேரக்கூடாது. பெண்கள் துணைக்கு ஒரு தாதியை அழைக்கச் சொல்லலாம். இயலும்போது மட்டும் ஒரு பத்து நிமிடம் கொடுங்கள். 1905-இல் ஊரார் பணம் கொடுத்துப் பள்ளி திறந்தார்கள். இன்று கட்டடங்களுக்குக் குறைவில்லை. மாணவனைத் தம் அருகில் அமரவிடும் நோயாளிகள்தாம் தேவை.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். நம் நாட்டில் 2008 முதல் பயிற்சி மருத்துவக் காலம் இரண்டாண்டாக உள்ளது. அதை முடித்தபின்னும் பகல் வேலை, இரவு அழைப்புப் பணி ஆகியவற்றுக்கிடையேதான் சிறப்புத் தேர்வுக்கும் படிக்கிறார்கள். முதல் முயற்சியில் தேறாதவர் பலர் பின்னாளில் சிறந்த மருத்துவர்களாகியிருக்கிறார்கள். 'அடுத்த வீட்டுப் பையன் ஒரே தடவையில் பாஸ்' என்ற பேச்சை அந்த வாரத்திலாவது வீட்டில் எடுக்காதீர்கள். சோறு போட்டுத் தூங்கவிடுங்கள். மறுநாள் சட்டையைக் கழற்றி நாற்காலியில் அமர்ந்து, 'என் முதுகைத் தட்டிப் பார், என்ன கேட்கிறது சொல்' என்று சொல்லுங்கள்.

மாலைப் பூசைக்கு நேரமாகிவிட்டது. கேள்விகள் இருப்பவர்கள் பூசைக்குப் பின் அன்னதானக் கூடத்தில் என்னைச் சந்திக்கலாம். மாணவர்கள் ஸ்டெதஸ்கோப்பைக் கையோடு கொண்டுவாருங்கள்.