ஏரி காத்த இரவு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நீ எதைப் பத்திப் பேசப்போறே?" என்று செயலாளர் கேட்டார். "ஏரியைப் பத்தி" என்றேன். "அதுல பேச என்னப்பா இருக்கு? தினமும் ரயில்ல பார்த்ததுதானே!" என்றார். வாஸ்தவம்தான். பரனூர் தாண்டியதும் ஜன்னல் ஓரம் இடம்பிடித்து கொளவாய் ஏரியைப் பார்க்காதவர் நம்மில் யார் இருக்கிறோம்? இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த தண்ணீர். பரீட்சையில் கோட்டை விட்ட நாளில்கூட அந்தக் காற்று முகத்தில் பட்டால் மனசு லேசாகிவிடும்.

ஆனால் நான் ஏரியை ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவன் அல்ல. என் தகப்பனார் மதுராந்தகத்துக்கு மேற்கே ஒரு சிறிய கிராமத்தில் ஏரி மடையைத் திறந்து மூடும் கம்புகட்டி. வேறு ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது அவர் கையில் இருந்தது. எங்கள் ஏரி நிரம்பினால் உபரி நீர் அடுத்த ஏரிக்கு. அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. கடைசியில் மதுராந்தகம் பெரிய ஏரிக்கு. அதுவும் நிரம்பினால் கிளியாற்று வழியே பாலாறு, பிறகு கடல். இப்படிச் சங்கிலி கோத்தாற்போல் ஏரி கட்டிய நாடு நம்முடையது. இன்றைக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 528 ஏரிகள் உள்ளன.

ஏரி என்றால் கரை, மதகு, கலங்கல் மூன்றும்தான். கரை தண்ணீரைப் பிடிக்கும். மதகு வயலுக்கு விடும். நிரம்பி மிஞ்சியது கலங்கல் வழியே வழிந்துவிடும். கலங்கல் இல்லாத ஏரி, மூச்சுவிட மூக்கில்லாத மனிதன் மாதிரி என்பார் என் அப்பா. அந்தக் கலங்கலின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றின் இடையே மண்ணும் புல்கட்டையும் அடைத்தால் இன்னும் ஓர் அடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். அந்த ஓர் அடிதான் எங்கள் ஊருக்கு அடுத்த போகம்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். நான் அப்போது இங்கே இரண்டாம் ஆண்டு மாணவன். தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். மழை விட்டமாதிரி இருந்ததால் ஊரார் கேட்டுக்கொண்டபடி அப்பா கலங்கலை அடைத்துவிட்டார். மூன்றாம் நாள் ராத்திரி மறுபடியும் பிடித்தது மழை. ஹரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு நானும் அவரோடு கரைக்குப் போனேன். தண்ணீர் கரையின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தம்பி, அடைப்பைப் பிரிச்சிடலாமாடா?" என்று கேட்டார். அதுவரை என்னிடம் அவர் யோசனை கேட்டதே கிடையாது. நான் சொன்னேன்: "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்ப்பா. ஓர் அடி தண்ணி போனா அடுத்த போகம் போச்சு." என் மனசில் இருந்தது போகம் அல்ல. அந்தப் போகத்தில்தான் என் கல்லூரிக் கட்டணம் இருந்தது.

ஒரு மணி நேரம் பார்த்தோம். அதற்குள் கரையில் ஓரிடத்தில் கசிவு கண்டது. ஊரே திரண்டு ஒரு பக்கம் மணல்மூட்டை போட, மறுபக்கம் கலங்கல் அடைப்பை மொத்தமாகப் பிரித்தோம். கரை தப்பித்தது. ஆனால், கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கவேண்டிய தண்ணீர் ஒரே மூச்சில் போனது. ஓடை ஓரம் இருந்த ஏழெட்டுக் குடிசைகள் சரிந்தன. ஆட்டுப்பட்டி ஒன்று அடியோடு போயிற்று. மனிதர்கள் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள் என்பது தெய்வச் செயல். மறுநாள் காலை ஆட்டுக்காரக் கிழவி அப்பாவிடம் கேட்டாள்: "ஏன் சாமி, பிரிக்கிறதுன்னா ராத்திரியே ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?" அப்பா பதிலே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் கட்டணம் அந்த ஆண்டு கட்டப்பட்டது. எதை விற்றுக் கட்டினார் என்று நான் கேட்கவுமில்லை.

நண்பர்களே, ஒரு நீர்நிலையிடம் நாம் மூன்று வேலை கேட்கிறோம். "குடிக்கவும் பயிருக்கும் தண்ணீர் வை" என்கிறோம். அதற்கு அது நிரம்பியிருக்க வேண்டும். "வெள்ளத்திலிருந்து காப்பாற்று" என்கிறோம். அதற்கு அதில் காலியிடம் வேண்டும். "ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு வந்தால் படகு ஓட்ட வேண்டும்" என்கிறோம். அதற்குத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை. இந்த மூன்றுக்கும் நடுவே கரைமேல் ஒரு மனிதன் நின்று முடிவெடுக்கிறான், அதுவும் இருட்டில்.

மதுராந்தகம் ஏரியின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1794 முதல் 1798 வரை இங்கே கும்பினி ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் துரை. கரை ஆண்டுதோறும் உடைந்துகொண்டிருந்ததாம். ஒரு மழை இரவில் கரை என்னாகுமோ என்று பார்க்கப்போன துரை, வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் கரையில் காவல் நிற்கக் கண்டாராம். கரை பிழைத்தது. துரை தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்தார். கோதண்டராமர் அன்றுமுதல் ஏரி காத்த ராமர் ஆனார். கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: கொட்டும் மழையில் ஒரு கலெக்டர் தானே கரைக்குப் போனார் என்பதுதான் அது. வேடந்தாங்கல் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் கேட்டபோது 1798-ல் அந்த உரிமையை எழுதிக் கொடுத்தவரும் இதே பிளேஸ் துரைதான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு எரு என்று ஊரார் கண்டுவைத்திருந்தார்கள். இன்று நாம் பறவை பார்க்கப் போகிறோமே, அந்த உல்லாசமே பாசனத்தின் பலன்தான்.

அந்தப் பெரிய ஏரியின் கொள்ளளவு 694 மில்லியன் கன அடி என்று கணக்கு. சுமார் 1,965 கோடி லிட்டர். விநாடிக்கு 1,000 கன அடி வீதம் திறந்தாலும் அது காலியாக எட்டு நாள் ஆகும். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அந்த வேகத்தில் ஓடும் தண்ணீர் வெறும் ஏழு மணி நேரத்துக்குள் மதுராந்தகம் ஏரியை நிரப்பிவிடும். அடையாற்றங்கரை என்ன பாடுபட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. முன்கூட்டியே திறந்திருக்கலாமே என்று நாடே கேட்டது. முன்கூட்டியே திறந்து, பிறகு மழை பொய்த்திருந்தால், 2019 கோடையில் சென்னை குடத்தோடு நின்றதே, அப்படி நின்று "ஏன் திறந்தாய்?" என்றும் கேட்டிருப்போம். தப்பே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எந்த அளவில் எப்போது திறப்பது, கீழே இருப்பவர்களுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சொல்வது, இவற்றை மழைக்கு முன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். ஆட்டுக்காரக் கிழவி கேட்டதும் அதுதானே?

மதுராந்தகம் ஏரியைத் தூர்வாரிப் புதுப்பிக்க 120 கோடி ரூபாயில் வேலை தொடங்கியது நல்ல காரியம். ஆனால் வேலை நடந்த ஆண்டுகளில் தண்ணீர் தேக்க முடியாமல் ஆயக்கட்டு நிலம் தரிசாகக் கிடந்ததையும் என் கண்ணால் கண்டேன். நாளைய தண்ணீருக்காக இன்றைய போகத்தைக் கொடுத்த விவசாயிகளை விழா மேடையில் யாராவது நினைக்க வேண்டாமா?

பாலாறு கடலில் சேரும் வாயலூரில் 2019-ல் தடுப்பணை எழுந்தது. உப்புநீர் உள்ளே ஏறாமல் தடுத்து, கரையோரக் கிணறுகளுக்கு நல்ல தண்ணீர் ஊறச் செய்வது அதன் வேலை. ஆனால் நம் கொளவாய் ஏரியின் உபரி நீஞ்சல் மடுவு வழியாகப் போவதும் அதே பாலாற்றுக்குத்தான். நகரத்துக் கழிவுநீரை ஏரியில் விட்டுவிட்டு, படகுத்துறைக்குப் போய் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம், கீழே கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவன் எதைப் பிடித்துக்கொள்வான்?

பிறரைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை. ஓய்வு பெற்றதும் புறநகரில் ஒரு மனை வாங்கினேன். பத்திரம் பார்த்தேன், வில்லங்கம் பார்த்தேன், வாஸ்துகூடப் பார்த்தேன். கலங்கல் எங்கே இருக்கிறது, தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று மட்டும் பார்க்கவில்லை. 2015-ல் முழங்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோதுதான் தெரிந்தது, கம்புகட்டியின் மகன் போக்குக் கால்வாயின் மேலேயே வீடு கட்டியிருக்கிறான் என்று! அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். அந்தக் காலையில் நின்றமாதிரியே நின்றிருப்பார்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு சிறு வேண்டுகோள். ஆண்டுதோறும் கூடுகிறோம், சாப்பிடுகிறோம், போட்டோ எடுத்துக்கொள்கிறோம். இனி புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளவாய் ஏரிக்கரையில் கூடுவோம். கலங்கலிலிருந்து நீஞ்சல் மடுவு வரை நடப்போம். எங்கே அடைத்திருக்கிறது, எங்கே கழிவுநீர் சேர்கிறது, எந்த வீடுகள் வழியில் இருக்கின்றன என்று எழுதி அதிகாரிகளிடம் கொடுப்போம். அந்த வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்போம். நம்மில் பொறியாளர் உண்டு, வக்கீல் உண்டு, ஆசிரியர் உண்டு. நடக்க முடியாதவர்கள் கரையில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். அதற்கும் ஏரி வேண்டுமே!