பொய்மீனுக்கு வர்ணம்



மீன் பிடிக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது உங்கள் தொழில். நான் பேச வந்தது பொய்மீனைப் பற்றி. மரத்தில் மீன் போலச் செதுக்குகிறோம். வர்ணம் அடிக்கிறோம். கொக்கி மாட்டுகிறோம். ஓடும் படகின் பின்னால் நரம்பில் கட்டி இழுக்கிறோம். வஞ்சிரமும் பாரையும் சீலாவும் அதை நிஜ மீன் என்று துரத்துகின்றன.

கடையில் விற்கும் பொய்மீன் விலை அதிகம். பாறையில் சிக்கி நரம்பு அறுந்தால் பணம் கடலோடு போயிற்று. வீட்டில் செய்தால் ஒரு மரத்துண்டுதான் போகும்.

வர்ணம் நம் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதாது. மீனின் கண்ணுக்குப் பிடிக்க வேண்டும். லட்சத்தீவில் மினிக்காய் என்று ஒரு தீவு. அங்கே சூரை மீனைக் கழியும் தூண்டிலும் கொண்டு பிடிக்கிறார்கள். முதலில் உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் வீசுவார்கள். சூரை கூட்டமாக வரும். பிறகு போடும் கொக்கியில் இரையே கிடையாது. கொக்கி பளபளக்கும், அவ்வளவுதான். சூரை அதைக் கவ்வும்.

ஒரு மத்தி மீனைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதுகு கருநீலம். பக்கம் வெள்ளி. வயிறு வெள்ளை. மேலிருந்து பார்த்தால் முதுகு கடலின் இருட்டோடு கலந்துவிடும். கீழிருந்து பார்த்தால் வயிறு வானத்தின் வெளிச்சத்தோடு கலந்துவிடும். நம் பொய்மீனுக்கும் அதே வரிசைதான். சிவப்பைப் பலர் விரும்புகிறார்கள். நீர்மட்டத்தில் இழுத்தால் சிவப்பு தெரியும். ஐந்தாறு பாகம் கீழே போனால் சிவப்பு கறுத்துப்போகும். வெள்ளியும் வெள்ளையும்தான் நம்பிக்கையானவை என்பது என் கருத்து.

இப்போது மரம். எடை குறைந்த மரமாக எடுங்கள். கல்யாண முருங்கை நல்லது. பழைய படகுப் பலகை, பழைய கதவு, பெயிண்ட் அடித்த எந்த மரமும் வேண்டாம். ஏன்? பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று தெரிய ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது தூளாகப் பறக்கும். தரையில் விழும். தவழும் குழந்தையின் கையில் ஒட்டும். கை வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும். படிப்பு ஏறாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

பொய்மீன் நிமிர்ந்து நீந்த வயிற்றில் எடை வைக்க வேண்டும். சிலர் வீட்டு அடுப்பில் ஈயம் உருக்கி ஊற்றுகிறார்கள். அக்காமாரே, இதை நீங்கள் விடவே கூடாது. இரும்பு நட்டு ஒன்றைப் பதித்து மேலே பசை பூசினால் போதும். கொக்கியைத் தற்காலிகமாக மாட்டி வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். புரண்டால் இன்னொரு நட்டு வையுங்கள். நிமிர்ந்து நின்றால் கொக்கியைக் கழற்றி, மரத்தை நன்றாகக் காயவிடுங்கள்.

பெயிண்ட் வாங்கும்போது நீங்கள் கற்ற எழுத்து உதவும். 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு விதி போட்டது. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. 2017 நவம்பர் முதல் இது நடப்பில் இருக்கிறது. இதை டப்பாவின் மேல் அச்சிடவும் வேண்டும். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால் பயப்படாதீர்கள். 90 என்ற எண்ணைத் தேடுங்கள். கடைக்காரரிடம் விரலை வைத்துக் காட்டிக் கேளுங்கள். தொழிற்சாலைக்கும் இயந்திரத்துக்கும் அடிக்கும் பெயிண்டுக்கு இந்த விதி கிடையாது. யாராவது மிச்சம் கொடுத்தாலும் அதை வாங்க வேண்டாம்.

திறந்த வெளியில் உட்கார்ந்து அடியுங்கள். முதலில் பிரைமர். பொய்மீனின் மூக்கில் கம்பி கட்டி, டப்பாவில் முக்கி எடுத்துக் கொடியில் தொங்கவிடுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். பிறகு உடம்பு முழுவதும் வெள்ளை. மறுபடி ஒரு ராத்திரி. அவசரப்பட்டு ஈரத்தின் மேல் அடித்தால் பெயிண்ட் சுருங்கிவிடும். அதன் மேல் பக்கங்களில் வெள்ளி பெயிண்ட். வெள்ளி காய்ந்த பிறகுதான் வேடிக்கை. கிழிந்த சிறுகண் வலைத்துண்டு எல்லார் வீட்டிலும் கிடக்கும். அதைப் பொய்மீனின் மேல் இழுத்துச் சுற்றுங்கள். பஞ்சைக் கருநீலத்தில் லேசாகத் தொட்டு, முதுகுப் பக்கம் ஒற்றுங்கள். வலையை எடுத்தால் செதில் செதிலாகத் தெரியும். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது சுலபம்.

கண்ணுக்குத் தூரிகை வேண்டாம். பெரிய ஆணியின் தலையை மஞ்சளில் தொட்டு வையுங்கள். காய்ந்ததும் சின்ன ஆணியின் தலையைக் கறுப்பில் தொட்டு நடுவில் வையுங்கள். கண் பெரிதாகவே இருக்கட்டும். துரத்தும் மீன் அதைப் பார்த்துத்தான் பாயும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

கடைசியில் இரண்டு முறை வார்னிஷ். சீலாவின் பல்லுக்கு அதுதான் கவசம். வார்னிஷ் காய்ந்த பிறகே கொக்கி மாட்டுங்கள். கொக்கி முனையில் தக்கைத் துண்டு குத்தி வையுங்கள். மீந்த டர்பன்டைனைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள். வந்த டப்பாவிலேயே மூடி, உயரத்தில் வையுங்கள்.