பாடியவர் பெயர் எங்கே?

(சத்தியமங்கலத்தில் கலைக்குழுத் தோழர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கலைக்குழுத் தோழர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சினிமா மெட்டில் கூலி உயர்வுப் பாட்டுக் கட்டுகிறோம். காட்டு வேலையில் பெண்கள் பாடும் பாட்டை எடுத்து மேடையில் பாடுகிறோம். இது மரியாதையா, திருட்டா?" நியாயமான கேள்வி. வக்கீல்கள் மட்டும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பாட்டும் உழைப்பே. உழைப்பு இருக்கிற இடத்தில் அதை அபகரிக்கிற கையும் இருக்கிறது.

எடுப்பது குற்றமா?

எடுப்பது மட்டும் குற்றமல்ல. ஒரு சிட்டம் நூலை எடுத்துக் கொள்ளுங்கள். பருத்தி விதைத்தவர், பஞ்செடுத்தவர், கார்டிங்கில் நின்றவர், ஸ்பின்னிங்கில் அறுந்த இழையைப் பிணைத்தவர் என்று எத்தனை கைகள் அதில் பட்டிருக்கின்றன! பாட்டும் அப்படித்தான். வெறும் கையோடு எந்தக் கவிஞனும் பாட்டுக் கட்டியதில்லை.

நம் பாரதியையே பாருங்கள். சிந்தும் கும்மியும் ஜனங்களிடம் வழங்கிய மெட்டுகள். அவற்றை அவர் எடுத்தார். ‘பாஞ்சாலி சபத’த்தில் வியாசர் பாரதத்தைத் தழுவியிருப்பதாக அவரே வெளிப்படையாக எழுதினார். ‘புதிய ஆத்திசூடி’ என்று பெயர் வைத்தபோதே ஔவைக்குக் கும்பிடு போட்டாகி விட்டது. அதற்குள்ளே ஔவை சொன்னதை மறுக்கவும் செய்தார். எடுத்தார், மறைக்கவில்லை, தம் உழைப்பை அதில் சேர்த்தார். இதற்குப் பெயர்தான் மரியாதை.

பாரதிக்கு விழுந்த பூட்டு

அந்தப் பாரதியின் பாட்டுக்கே பின்னர் பூட்டு விழுந்தது. 1921ல் அவர் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை 1930களில் 450 ரூபாய்க்கு ஒரு வியாபாரியிடம் போயிற்று. 1946ல் படமுதலாளி ஏ.வி. மெய்யப்பன் 9,500 ரூபாய் கொடுத்து அதை வாங்கினார். 1947ல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தன. ஆனால் 1948ல் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்ததும், "உரிமை எங்களுடையது" என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது!

மெய்யப்பன் சட்டத்தை மீறவில்லை. ரொக்கம் கொடுத்து வாங்கினார். வாங்கியதைக் காக்க நோட்டீஸ் விட்டார். விஷயமே அதுதான், தோழர்களே. சட்டம் பிசகாமல் நடந்தது. தேசத்தின் பாட்டுக்குப் பூட்டும் விழுந்தது.

பூட்டை உடைக்கக் கிளர்ச்சி எழுந்தது. தோழர் ஜீவா மேடைகளில் முழங்கினார். எழுத்தாளர்கள் வ.ரா., நாரண துரைக்கண்ணன், நாடகக் கலைஞர் டி.கே. சண்முகம் எல்லோரும் இயக்கத்தில் நின்றார்கள். 1949ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சர்க்கார் பாரதி நூல்களின் உரிமையைத் தன் வசம் கொண்டு வந்தது. மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக் கொடுத்தார். 1955ல் பாரதி எல்லோருக்கும் பொதுச் சொத்தானார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பாரதி பொதுச் சொத்து" என்று சொல்லிவிட்டு, குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்பவில்லை. செல்லம்மாளுக்கும் பெண்மக்களுக்கும் சர்க்கார் பணம் கொடுத்தது. பாட்டு ஜனங்களுக்கு, பங்கு உழைத்தவன் வீட்டுக்கு. இரண்டும் சேர்ந்ததே நியாயம்.

ஒரு மந்தைக்காரனின் பாட்டு

இரண்டும் சேராவிட்டால் என்ன ஆகும்? தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள்.

மாடு மேய்த்த கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி ஜோகன்னஸ்பர்க் வந்த ஜூலு இனத் தொழிலாளி சாலமன் லிண்டா. இசைத்தட்டுக் கம்பெனியில் தட்டுகளைப் பொதியும் வேலை. 1939ல் அதே கம்பெனிக்கு ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பாடிக் கொடுத்தார். ம்பூபே என்றால் சிங்கம். அந்தப் பாட்டுக்காக அவர் கைக்கு வந்தது பத்து ஷில்லிங்!

அமெரிக்க இடதுசாரிப் பாடகர் பீட் சீகர் அந்த இசைத்தட்டைக் கேட்டு மனம் பறிகொடுத்தார். 1950களின் தொடக்கத்தில் அவர் குழு அதைப் பாடியது. கெட்ட எண்ணம் அவருக்கு இல்லை. லிண்டாவுக்கு ஆயிரம் டாலர் அனுப்பவும் செய்தார். ஆனால் பாட்டு பதிவானதோ ‘பால் கேம்பல்’ என்ற பொய்ப் பெயரில். 1961ல் அதே மெட்டு புதிய ஆங்கிலச் சொற்களோடு உலகம் சுற்றியது. 1962ல் லிண்டா ஏழையாகவே செத்தார். 1994ல் டிஸ்னி கம்பெனியின் சிங்கப் படத்திலும் அந்தப் பாட்டு வந்தது. 2004ல் லிண்டாவின் வாரிசுகளுக்காக வழக்குப் போட்ட பிறகே, 2006ல் சமரசம் ஏற்பட்டுக் குடும்பத்துக்குப் பணம் வந்தது.

பாட்டின் மீது அன்பு இருந்தால் மட்டும் போதாது என்பதை இந்தக் கதை காட்டுகிறது. மஸ்டர் ரோலில் பெயர் ஏறாத தொழிலாளிக்கு வாரக்கூலி ஏது?

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டம் 1957ல் வந்தது. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் ஆயுள் வரைக்கும், அதன் பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை உண்டு. கருத்து யாருக்கும் சொந்தமல்ல. அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற தம் நாடகத்தைத் திருடி ‘நியூ டெல்லி’ என்ற படம் எடுத்துவிட்டார்கள் என்று ஒரு நாடகாசிரியர் வழக்காடினார். கருத்து ஒன்றானாலும் சொன்ன விதம் வேறு என்று 1978ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆகவே "நானும் கூலியைப் பற்றித்தான் பாடினேன்" என்று யாரும் நம்மீது பாய முடியாது.

கூலிக்கு எழுதிய சினிமாப் பாட்டின் உரிமை படமுதலாளிக்கே என்று 1977ல் அதே கோர்ட் தீர்ப்பளித்தது. கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் விடாமல் போராடினார்கள். 2012ல் சட்டம் திருத்தப்பட்டது. சினிமாக் கொட்டகைக்கு வெளியே பாட்டு சம்பாதிக்கும் பணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு; அந்தப் பங்கை எழுதி வாங்கிக் கொள்ளவும் முடியாது.

ஆனால் நாற்று நடும் தாயின் பாட்டுக்கு? ஆதியில் கட்டியவர் பெயர் தெரியாத பாட்டுக்குச் சட்டத்தில் சொந்தக்காரர் இல்லை. ஒரு கம்பெனி வந்து அதைப் பதிவு செய்தால், பதிவுக்கு 60 ஆண்டு உரிமை கம்பெனிக்கு! ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கம்பெனிக்குச் சொந்தம் அந்தப் பதிவுதான், பாட்டல்ல. உங்கள் தாய் பாடியதை நீங்கள் பாடக் கூடாது என்று எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964ல் வந்தது. அதைப் புரட்டிப் பாருங்கள். பாட்டுக்குக் கீழே உதவியவர் யார், சேகரித்தவர் யார், எந்த ஊர் என்று அச்சிட்டிருக்கும். நாமக்கல் வட்டாரத்துத் தோழர் எழுத்தாளர் கு. சின்னப்ப பாரதியின் பெயரைச் சேகரித்தவர் என்ற இடத்தில் காணலாம். பாடிக் காட்டிய ஏழை உழவரின் பெயரையும் அதே பக்கத்தில் காணலாம். நமக்கு வழிகாட்டி அதுதான்.

ஒன்று: மல்லிகைக் காட்டிலோ, கரும்புக் காட்டிலோ ஒரு பாட்டைக் கேட்டு எடுத்தால், பாடியவரின் சம்மதம் கேளுங்கள். பெயரையும் ஊரையும் நோட்டில் எழுதுங்கள். மேடையில் பாட்டுக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இரண்டு: சினிமா மெட்டில் பாட்டுக் கட்டினால், மெட்டுப் போட்டவர் யார் என்று சொல்லுங்கள். தொழில்முறை அல்லாத குழு, டிக்கெட் இல்லாத கூட்டத்தில் பாடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. பதிவு செய்து விற்பதானால் அனுமதி வேண்டும்.

மூன்று: பாட்டினால் பணம் வந்தால், கற்றுக் கொடுத்தவருக்குப் பங்கு கொடுங்கள். சங்கக் கணக்கில் அதை எழுதுங்கள்.

நான்கு: யாராவது கைபேசியோடு வந்து "பாடு பாட்டி" என்றால், எதற்கு, யாருக்கு, பாட்டி பெயர் போடுவாயா என்று கேளுங்கள். காகிதத்தில் கைநாட்டு வாங்க வந்தால், சங்கத்தில் படித்துக் காட்டும் வரை கைநாட்டு வைக்க வேண்டாம்.

தோழர்களே! பெயர் சொல்லி எடு, உன் உழைப்பைச் சேர், பங்கு கொடு, அடுத்தவன் பாட வழி விடு. இந்த நான்கும் இருந்தால் அது மரியாதை. பெயரை மறைத்து, பங்கை விழுங்கி, பொதுப் பாட்டுக்கு வேலி போட்டால், பத்திரம் ஆயிரம் இருந்தாலும் அது களவுதான். கூலியைக் கேட்டு வாங்கக் கற்றுக் கொண்ட வர்க்கம், தன் பாட்டுக்கும் கணக்குக் கேட்க வேண்டும். கேட்போம்!