உயிரணுவின் பாகப்பிரிவினை



ஒரு குடும்பத்தின் சொத்தைப் பாகம் பிரிப்பது எளிய காரியம் அன்று. நிலத்தை அளக்க வேண்டும். பண்ட பாத்திரங்களை எண்ண வேண்டும். இரு தரப்பாருக்கும் ஒத்து வந்த பின்னரே பத்திரம் எழுதுவார்கள். இதைப் போன்றதொரு பாகப்பிரிவினை நம் உடலுக்குள் இடைவிடாது நடந்து வருகிறது. தோலிலும் குடலிலும் எலும்பு மச்சையிலும் உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. பிரிவதற்கு முன் ஓர் உயிரணுவின் 46 குரோமோசோம்களும் இரட்டிக்கின்றன. பின்னர் ஒவ்வோர் இரட்டையிலும் ஒன்று இப்பக்கமும் மற்றொன்று அப்பக்கமும் சென்று சேர வேண்டும். ஒன்றுகூட மாறக் கூடாது.

இக்காட்சியை நுணுகிக் கண்டு, 1882-இல் புத்தகமாக வெளியிட்டவர் ஜெர்மானிய அறிஞர் வால்ட்டர் ஃப்ளெமிங். இழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு இதற்கு 'மைட்டோசிஸ்' என்று அவர் பெயர் வைத்தார். பிரியும் உயிரணுவில் மெல்லிய இழைகள், நடுவே பருத்து, இரு முனைகளிலும் கூம்பி, இராட்டையின் நூற்ற கதிரைப் போலக் காணப்படுகின்றன. ஆனால் குரோமோசோம்களை இழுப்பது யார்? இவ்வினாவுக்கு விடை தெளிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இழுப்பவை சில புரதங்களே. அவற்றுள் ஒன்றுக்கு 1965-இல் இயான் கிப்பன்ஸ் என்பவர் 'டைனீன்' எனப் பெயரிட்டார். 1985-இல் ரொனால்ட் வேல் முதலிய அமெரிக்க ஆய்வாளர் கணவாயின் நரம்பிழையிலிருந்து 'கைனெசின்' என்பதைப் பிரித்தெடுத்தனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இப்பெயர்கள் இனிக்கின்றன. முன்னது ஆற்றலையும், பின்னது அசைவையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களின் வழிவந்தவை.

கதிரின் இழைகள் உண்மையில் நுண்குழல்கள். அவற்றின் மேல் கைனெசின், மனிதன் நடப்பது போலவே, இரு பாதங்களை மாற்றி மாற்றி வைத்து நடக்கிறது. ஓர் அடியின் நீளம் 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் எட்டுக் கூறு. அடிக்கு ஒன்றாக ஏ.டி.பி. என்னும் எரிபொருள் மூலக்கூறு செலவாகிறது.

இக்குடும்பத்தில் வேலைப் பங்கீடும் உண்டு. இரு முனைகளிலும் பாதங்களை உடைய ஒருவகைக் கைனெசின், எதிரெதிர்த் திசையில் அமைந்த இரண்டு குழல்களையும் பற்றி நடந்து, கதிரின் முனைகளை அகலத் தள்ளுகிறது. இன்னொரு வகை, ஒதுங்கி நிற்கும் குரோமோசோமை நடுவரிசைக்குக் கொண்டு வருகிறது. டைனீனோ முனையை நோக்கி இழுக்கிறது. குழல்களும் நுனியில் கரைந்து குறுகுவதால் இழுப்பு வலுப்படுகிறது. ஆக, ஒவ்வோர் இரட்டையும் ஒரே நேரத்தில் இரு புறமும் இழுபடுகிறது.

இவ்வாறு எதிரெதிராக இழுப்பது வீண் வேலை அல்லவா என்று தோன்றலாம். அன்று, பங்கு சரியா என்று உயிரணு அறிவதே இந்த இழுவிசையால்தான். கும்பிடுபூச்சியின் விந்தணுக்களை உண்டாக்கும் உயிரணுக்களில் சில வேளை ஒரு குரோமோசோம் ஒரு பக்கம் மட்டுமே பற்றப்பட்டு நிற்கும். அப்போது அந்த உயிரணு பிரியாமல் பல மணி நேரம் காத்திருக்கும். 1995-இல் ப்ரூஸ் நிக்லஸும் அவருடைய உடன் ஆய்வாளரும், நுண்ணிய ஊசியால் அக்குரோமோசோமை மறுபக்கம் இழுத்துப் பிடித்தனர். பிடியில்லாத பக்கத்திலும் இழுப்பு உண்டென்று ஏமாந்த உயிரணு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பிரியத் தொடங்கிவிட்டது!

இக்காவல் தவறினால் விளைவது சிறிதன்று. டவுன் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் மூன்று இருப்பதை 1959-இல் பாரிஸ் நகர ஆய்வாளர் அறிவித்தனர். கரு நிலைக்காமற் போவதற்கும் இத்தகைய கணக்குப் பிழை ஒரு பெருங் காரணம். புற்றணுக்கள் பலவற்றிலும் எண்ணிக்கை தாறுமாறாக இருக்கிறது.

அதே காவல் நமக்குத் துணையாவதும் உண்டு. நம் ஊர் முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியை நீங்கள் இப்போது வாழும் இடத்தில் வேறு பெயரால் அறிந்திருப்பீர்கள். தில்லியில் அது சதாபஹார், கொல்கத்தாவில் நயன்தாரா. அச்செடியிலிருந்து எடுக்கப்படும் 'வின்கிறிஸ்டின்' என்னும் மருந்து, 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது நுண்குழல்கள் உருவாகாதபடி தடுக்கிறது. பாதையே இல்லாதபோது நடப்பது எங்ஙனம்? இழுப்பு இல்லை, பிரிவதற்கு இசைவும் வருவதில்லை. காத்துக் காத்துப் புற்றணு மடிகிறது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுக்கு மருத்துவர்கள் இன்றும் இதைக் கையாளுகின்றனர்.

ஆனால் ஒன்று: செடியின் இலையை அரைத்துக் குடிப்பது தகாது, அது நஞ்சு. அளவறிந்து கொடுக்க வேண்டியவர் மருத்துவரே. செடியை முற்றத்தில் வளர்த்து, பூவைப் பார்த்து மகிழுங்கள்.